ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

ஜனவரி 18, வியாழன்

நாடக மாணவர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று தயாபரன் சார் சொல்லிவிட்டார். ஊரைக் கவனிப்பதற்கு முன் தன்னைக் கவனிக்கப் பழக வேண்டுமாம். முதல் பக்கத்தில் நாம் யார் என்று எழுத வேண்டும். அவர் வாங்கிப் படிக்க மாட்டாராம். அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் முனீஸ்வரி. ஊர் கமுதிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுப்பவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். பி.ஏ. முடித்ததும் ஊர் முக்கில் என் படத்தோடு பேனர் வைத்தார்கள். இப்போது மதுரையில் எம்.ஏ. நிகழ்கலை, முதல் வருடம். நிகழ்கலை என்றால் என்னவென்று அப்பாவிடம் விளக்க முடியவில்லை. டீச்சர் வேலைக்குப் போகிற படிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பொங்கல் லீவு முடிந்து இன்று மதியம் விடுதிக்கு வந்தேன். பையைத் திறந்ததும் அறை முழுக்கப் புகை வாசம். எவ்வளவு துவைத்தாலும் எங்கள் வீட்டுத் துணியில் அது போகாது. அறைத்தோழி இளவேனில் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"ஏய் முனீஸ், ஒங்க வீட்ல யாரையாச்சும் சுட்டுத் தின்னீங்களாடி?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் உடனே என் சுடிதார் ஒன்றை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு, "நல்லாருக்குடி. இன்னைக்கு நான் இதப் போட்டுக்கிறேன். கேக்குறவங்ககிட்ட ஃபாரின் செண்ட்டுனு சொல்றேன்" என்றாள். உண்மையிலேயே போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள். போடிக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கூச்சம் என்பது அவள் உடம்பில் எங்கேயும் கிடையாது.

ஜனவரி 20, சனி

நாடகம் "நாலாம் மடை". சார் எழுதியது. கண்மாயில் வெள்ளம் வந்தபோது மடையைத் திறக்க இறக்கிவிடப்பட்ட மடைக்காரன் சுழலில் மாட்டிச் செத்துப்போகிறான். திறக்கச் சொன்னது யார் என்று அவன் மனைவி ஊர்ச்சபையில் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. மடைக்காரியாக இளவேனில். நாட்டாமையாகச் சந்தனக்குமார். மற்றவர்கள் ஊர். மார்ச் இரண்டாம் வாரம் பெங்களூரில் ஒரு நாடக விழாவுக்குத் தேர்வாகியிருக்கிறது. எங்கள் துறையிலிருந்து வெளிமாநிலம் போகும் முதல் நாடகம்.

எனக்கு வேடம் இல்லை. போன பருவத்தில் குரல் பயிற்சியில் என்னால் கத்தவே முடியவில்லை. சார் எல்லோர் முன்னாலும், "ஒனக்குக் குரல் தொண்டையில இல்லம்மா, கையில இருக்கு" என்று ஒத்திகைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வேலை இரண்டு. ஒன்று, வசனப் பிரதியை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து, மறப்பவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது. இரண்டு, பதிவேடு. கூடத்தை எத்தனை மணிக்குத் திறந்தோம், யார் எப்போது வந்தார், எப்போது போனார், எந்தக் காட்சி, யார் எந்த வரியை மறந்தார், என்ன உடைந்தது, எல்லாம் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. கூடத்தின் சாவியும் என்னிடம்தான்.

மொத்த நாடகமும் எனக்கு மனப்பாடம். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 25, வியாழன்

தெப்பத் திருவிழா. ஆளுக்கொரு மனிதரின் நடையைப் பார்த்து வந்து நடித்துக் காட்டச் சொல்லி சார் எங்களை அனுப்பினார். தெப்பக்குளத்தைச் சுற்றி நகர முடியாத கூட்டம். நையாண்டி மேளக்காரர்கள் வியர்வை சொட்ட வாசித்தார்கள். தெப்பத்தை வடம் பிடித்து இழுக்கிறவர்கள் கரையோரமாக ஓடிக்கொண்டே இருந்தார்கள். இந்த ஊரில் எதுவுமே வேடிக்கை பார்க்க ஆள் இல்லாமல் நடப்பதில்லை.

இளவேனில் ஒரு பலூன்காரரின் பின்னால் பத்து நிமிடம் அப்படியே நடந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன பாப்பா, என் காலுல என்ன தொலைச்ச?" என்றார். அவள், "அண்ணே, ஒங்க எடது கால் மட்டும் கோவமா இருக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டார். கல்லு உடைக்கையில அடிபட்ட கால் தாயி என்றார்.

நான் ஒரு கைக்குழந்தைக்காரியைப் பார்த்தேன். நடித்துக் காட்டவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஞாயிறு ஒத்திகை கிடையாது. காலை பத்து மணிக்குச் சார் போன் செய்தார். சபைக் காட்சி இன்னும் சரியாக வரவில்லை, இளவேனிலுக்கு மட்டும் தனியாக ஒரு ஒத்திகை, கூடத்தைத் திறந்துவிட்டு நீ போய்விடு என்றார்.

11.05 கூடம் திறந்தேன். 11.10 சார். 11.15 இளவேனில். 12.20 இளவேனில் வெளியே. 12.35 சார் வெளியே. மண்பானை ஒன்று உடைந்தது. பதிவேட்டிலும் இப்படியே எழுதியிருக்கிறேன்.

சபைக் காட்சி கடினமானது. தனியாக உழைக்க வேண்டியதுதான்.

ஊர்ப் பெண்களுக்கான ஆறு சேலைகளில் நாலுக்கு ஓரம் அடித்து முடித்தேன். மதியம் விடுதியில் கோழிக்குழம்பு. இளவேனில் சாப்பிட வரவில்லை.

ஜனவரி 29, திங்கள்

குளியலறைத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று வார்டன் மாடி ஏறி வந்து சத்தம் போட்டார். யார் ஒரு மணி நேரம் குளித்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

இன்று சபைக் காட்சியின் கடைசி வரியைச் சார் மாற்றினார். இதுவரை மடைக்காரி "திறக்கச் சொன்னது யார்?" என்று மூன்று முறை கேட்பாள். அது மேடைப்பேச்சு போல இருக்கிறது என்று எடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் யோசித்து யோசித்துப் புது வரி சொன்னார். "என் முந்தானை இன்னும் காயவில்லை. அதையாவது பாருங்கள்." பிரதியில் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

நல்ல வரி.

இளவேனில் அந்த வரியைச் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் அடியெடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை, இரண்டாவது முறை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இளவேனில் வரி மறந்து நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

இளவேனில் சார் மேல் புகார்க் குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டாள். நேற்றே போடிக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். அவள் அப்பா இன்று காலையில் வந்தார். விடுதி வாசலில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "ஒம் பேரு முனீஸ்வரியாம்மா? ஒன்னயப் பத்தி நெறையச் சொல்லுவா" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாலையில் அறையில் அவள் பெட்டியை அடுக்கினாள். விசாரணை முடியும்வரை ஒத்தக்கடையில் அத்தை வீட்டில் இருக்கப்போகிறாளாம்.

"அன்னைக்கு எல்லாரும் ஒத்திகையில இருந்தாங்கன்னு அவரு சொல்றாராம்டி," என்றாள். "நான் ஒத்த வார்த்தைதான் சொன்னேன். முனீஸ் எழுதியிருப்பா, அவ நோட்டப் பாருங்கன்னு. கூடத்தத் தொறந்து குடுத்துட்டு நீ போயிட்டாலும் யார் வந்தா போனான்னு எழுதாம விடமாட்டல்ல நீ?"

"எழுதியிருக்கேன்" என்றேன்.

"அது போதும்டி" என்றாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன்.

பிப்ரவரி 7, புதன்

சார் கூப்பிட்டார். அறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா எப்படி இருக்கிறார், மூட்டம் பிரித்தாயிற்றா என்று கேட்டார். நேர்முகத்தேர்வில் நான் சொன்னதையெல்லாம் நினைவு வைத்திருக்கிறார்.

"அன்னைக்கு நாலு பேரும் ஒன்னய வேணாம்னாங்க. வாயத் தொறக்க மாட்டேங்குது, இது எப்படி நாடகம் பண்ணும்னாங்க. நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். சொன்னதே இல்லைல்ல ஒங்கிட்ட?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பதிவேட்டுல தண்ணி பட்டுருச்சுனு கேள்விப்பட்டேன்."

படவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டினார்.

"புது நோட்டு வாங்கி அழகா எழுதி வச்சிரும்மா. நாலு பேர் பாக்கப் போறாங்க. இருபத்தெட்டாந்தேதி எல்லாரும் வந்திருந்தமே, சபைக் காட்சி முழுசா ஓட்டிப் பாத்தமே. சந்தனக்குமாருக்குக்கூட ஞாபகமிருக்கு. பெங்களூரு போற நேரத்துல எட்டுப் பிள்ளைகளோட ஒழைப்பு வீணாப் போயிரக் கூடாது. ஒன்னய மாதிரி கஷ்டப்பட்டு வந்த பிள்ளைக்கு இது புரியும்."

பொய் எழுது என்று அவர் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

மதியத்திலிருந்து எழுதினேன். டிசம்பரிலிருந்து நேற்றுவரை. பேனாவை மாற்றி மாற்றி எழுதினால்தான் வெவ்வேறு நாளில் எழுதியது போல இருக்கும் என்று எனக்கே தோன்றியது. நீலம், கறுப்பு, நடுவில் நாலு நாள் பென்சில்.

இருபத்தெட்டாம் தேதிக்கு ஒரு முழுப் பக்கம் ஆயிற்று. வருகை ஒன்பது பேர். சபைக் காட்சி இரண்டு ஓட்டம். ஊர்ப்பெண் இடம் மாறி நின்றாள். நாட்டாமையின் துண்டு கீழே விழுந்தது. இளவேனில் கடைசி வரியில் தடுமாறினாள், அடியெடுத்துக் கொடுத்தேன். அந்த வரியையும் எழுதினேன். வெறும் வருகைப் பட்டியல் மட்டும் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இல்லாத ஒரு நாளை உண்டாக்குவது இவ்வளவு சுலபம் என்று தெரியாது. படித்துப் பார்த்தபோது எனக்கே அந்தத் துண்டு விழுந்தது தெரிந்தது.

பழைய நோட்டைச் சார் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 10, சனி

அப்பா போன் செய்தார்.

"என்னத்தா, சாப்டியா?"

"சாப்டேன்ப்பா."

"ஒங்க காலேசுல ஏதோ பிரச்சினையாமே. நம்மூரு பேச்சிமுத்து மகன் மதுரையில கேள்விப்பட்டு வந்து சொல்றான். வாத்தியார் மேல எழுதிக் குடுத்த பிள்ள ஒன்னோட ரூமாம்ல?"

"அது வேற விசயம்ப்பா."

"வேறயோ என்னமோ. நீ அதுல பேர் குடுத்துறாத. ஒங்கம்மா ரெண்டு நாளா ஒறங்கல. எடுத்துட்டு வந்துரலாம்கிறா ஒன்னய. மாப்பிள கூடப் பாத்து வச்சிருக்கா. நான்தான், படிக்கட்டும்டி, அது யார் வம்புதும்புக்கும் போகாத பிள்ளைன்னேன்."

இருமினார். மூட்டத்துப் புகை அவர் நெஞ்சில் இருக்கிறது.

"போகலப்பா" என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

புகார்க் குழு. நிர்வாகக் கட்டடத்தில் ஏசி அறை. நடுவில் தலைவர் சகாயராணி மேடம், வணிகவியல் துறை. இருபுறமும் இரண்டு பேர். வெள்ளைத் துணி விரித்த மேஜை. என் புது நோட்டு அதன் மேல் இருந்தது.

நான் போனபோது இளவேனில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த தெளிச்சியை எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

மேடம் நோட்டை அவளிடம் நகர்த்தினார். "நீ கேட்ட பதிவேடு. பாத்துக்கோம்மா."

இளவேனில் பக்கங்களைப் புரட்டினாள். இருபத்தெட்டாம் தேதியில் நின்றாள். முதலில் வேகமாகப் படித்தாள். பிறகு விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"முனீஸ், இந்த வரி எப்ப வந்துச்சு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்தானை வரி. ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை பிறந்த வரி. அதை இருபத்தெட்டாம் தேதி ஒருத்தி எப்படி மறந்திருக்க முடியும்? பழைய வரியைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்.

"மேடம், இது வியாழக்கிழமைதான் சார் எழுதுன வரி. ஞாயித்துக்கிழமை இப்படி ஒரு வரியே கெடையாது. இந்தப் பக்கம் பின்னாடி எழுதுனது. அவளையே கேளுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "வசனமெல்லாம் அப்பப்ப மாத்துவீங்கதானேம்மா? நீ சொல்லு, முனீஸ்வரி."

இளவேனில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மேடையில் எதிரில் இருப்பவர் வரியை மறந்துவிட்டால், அவர் சொல்லும்வரை நாம் பொறுமையாக நிற்போமே, அப்படி.

"ஞாயித்துக்கிழமையே சார் வாய்வார்த்தையா சொல்லிப் பாத்தாரு மேடம். வியாழக்கிழமைதான் பிரதியில ஏத்துனோம்."

குரல் நடுங்கவே இல்லை. தெளிவாக, அறைக் கோடிவரை கேட்கும்படி வந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். சந்தனக்குமாரும் மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், இருந்தோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

பிப்ரவரி 16, வெள்ளி

புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடிவாகிவிட்டது. இளவேனிலின் அப்பா மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவளுடைய பக்கெட், ஹேங்கர்கள், செருப்பு ஒரு ஜோடி இன்னும் அறையில் இருக்கின்றன.

மாலை சார் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். "மடைக்காரி யாருன்னு யோசிக்கவே வேணாம். மொத்த நாடகமும் ஒருத்திக்குத் தலைகீழாத் தெரியும். ஒங்களுக்கெல்லாம் மூணு மாசமா அவ அடியெடுத்துக் குடுத்துருக்கா. இனி அவளுக்கு யாரும் குடுக்க வேண்டியிருக்காது" என்றார்.

கைதட்டினார்கள். எனக்கு மனப்பாடம் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய்யில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

மூன்றாம் நாள் ஒத்திகை. குரல் வருகிறது. இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. சபையில் வந்து நின்று முந்தானை வரியைச் சொன்னதும் கூடமே அமைதியானது.

இடைவேளையில் சந்தனக்குமார் டீ கொண்டுவந்து கொடுத்தான். "நல்லாப் பண்றப்பா" என்றான். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் இருந்தேன்னுதான் சொன்னேன்" என்றான்.

"எனக்குத் தெரியும்."

"எங்க சித்தப்பா வீட்ல கல்யாணம் அன்னைக்கு. மேலூர்ல. போட்டோவெல்லாம் இருக்கு." தலையைச் சொறிந்தான். "பெங்களூரு போயிட்டு வந்தா எல்லாம் மறந்துரும்ல?"

வசனத்தைப் பார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி 24, சனி

நாளை எனக்கு மட்டும் தனியாக ஒரு ஒத்திகை. சபைக் காட்சி. பதிவேட்டை இப்போது இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி பார்க்கிறாள், அவளுக்கு நாளை ஊருக்குப் போக வேண்டும். சாவி சாரிடமே இருக்கிறது.

சபைக் காட்சி எனக்கு நன்றாகத்தான் வந்திருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

துணி துவைத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

தலைவலி. ஒத்திகைக்குப் போகவில்லை. மீண்டும் துவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஒத்திகைக்குப் போனேன். வரிகள் எல்லாம் சொன்னேன். சார் என்னிடம் சாதாரணமாகப் பேசினார். நானும் சாதாரணமாகப் பேசினேன்.

பிப்ரவரி 29, வியாழன்

காலையில் இளவேனிலுக்குப் போன் செய்தேன். நாலாவது முறை எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். முதலில் அவள்தான் பேசினாள்.

"சொல்லு."

"திங்கக்கிழம காலையில நான் மேடத்தப் பாத்து உண்மையச் சொல்லப் போறேன். நோட்ட மாத்தி எழுதுனது நான்தான்னு."

"எதுக்கு?"

"உண்மையச் சொல்லணும்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பதிமூணாந்தேதி ஒனக்கு உண்மை தெரியாதா? அந்த வரிய வேணும்னேதான் எழுதுனியோன்னுகூட நெனச்சேன்டி. எனக்கு ஒரு வழி வச்சிருக்கான்னு. அப்பறம் நீ வாயத் தொறந்த."

வேண்டுமென்றுதான் எழுதினேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாது என்றேன்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஒன்னயக் கூப்பிட்டானா?"

"இல்ல" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"திங்கக்கிழம பத்து மணிக்கு வாறேன்" என்றாள். "ஒனக்காக இல்ல."

மார்ச் 2, சனி

சகாயராணி மேடத்திடம் போனில் பேசினேன். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றினால், முதலில் பொய் சொன்னதற்கு என் மேல் நடவடிக்கை வரும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பழைய பதிவேடு எங்கே என்றார். சாரிடம் என்றேன். வேறு என்ன இருக்கிறது என்றார்.

"நாட்குறிப்பு ஒண்ணு எழுதுறேன் மேடம்."

"நாட்குறிப்ப எப்ப வேணும்னாலும் எழுதலாமேம்மா" என்றார். அவர் இனி அப்படித்தான் கேட்பார். "சரி, திங்கக்கிழம பத்து மணிக்குக் கொண்டு வா."

முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பொய் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் இதைப் படிக்கிறவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 28: கூடத்தைத் திறந்துவிட்டு நான் விடுதிக்குப் போகவில்லை. பக்கத்திலுள்ள உடுப்பறையில் இருந்தேன். சேலைகளுக்கு ஓரம் அடித்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். 11.30க்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஒத்திகையில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. இளவேனில் "சார் வேணாம் சார்" என்று சொன்னது கேட்டது. அது வசனத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். முழு நாடகமும் எனக்கு மனப்பாடம். தையல் மிஷினை நிறுத்தினால் நான் இருப்பது தெரிந்துவிடும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். இல்லை, இதுவும் சரியில்லை. மிஷின் ஓடினால்தான் தெரியும். கேட்காமல் இருக்கத்தான் மிதித்தேன். அதற்குப் பிறகு சார் பாட்டுப்பெட்டியைச் சத்தமாக வைத்ததால் அவர்களுக்கு மிஷின் சத்தம் கேட்கவில்லை போல. பானை உடைந்தது. 12.20க்கு இளவேனில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, துப்பட்டா இல்லாமல் வராந்தாவில் போனாள். கதவிடுக்கில் பார்த்தேன். கூப்பிடவில்லை.

பிப்ரவரி 25: 11.00 மணிக்கு உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டார். வெளியே வந்த நேரம் தெரியவில்லை. மீதியை மேடத்திடம் வாயால் சொல்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. காலேஜிலிருந்து அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள், நான் ஒரு பொய் எழுதிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "அந்தப் பிள்ள விசயமாத்தா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மா பின்னாலிருந்து என்னவாம் என்னவாம் என்று கேட்டாள். அப்பா போனை அணைத்துவிட்டார்.

மார்ச் 4, திங்கள்

காலை 9.50. புகார்க் குழு அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கூப்பிட்டதும் இந்த நோட்டைக் கொடுத்துவிட வேண்டும், அதற்குள் முடிக்கிறேன்.

நாளை மறுநாள் பெங்களூருக்கு ரயில். நான் வராவிட்டால் நாடகம் இல்லை. வரும் வழியில் சந்தனக்குமாரைப் பார்த்தேன். பெட்டிகளில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் எங்கே போகிறேன் என்று சொன்னதும், "ஏப்பா, ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலையை மடித்தான். மேலூர் கல்யாண போட்டோவைக் கேட்டேன். தரவில்லை.

பத்துக்குச் சரியாக இளவேனில் வந்தாள். அவள் அப்பா படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள்.

"அது என்ன நோட்டு?"

கொடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தாள். புகை வாசம் வந்த இடத்தில் லேசாக உதடு அசைந்தது. பலூன்காரர் இருந்த பக்கத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள். பிறகு வேகமாகப் புரட்டினாள். மார்ச் 2-க்கு வந்ததும் நிதானமானாள். வரி வரியாக அவள் கண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நின்றது. மேலே போய் மறுபடி இறங்கியது.

"நீ போயிட்டன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"பக்கத்துலதான் இருந்திருக்க."

"ஆமா."

அவள் அழவில்லை. திட்டவில்லை. மீதியையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, நோட்டை மூடி, நடுவிலிருந்த காலி நாற்காலியில் வைத்தாள். எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் ஜன்னல் பக்கம் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்பாமலே சொன்னாள்:

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிராத. அதையும் சேத்துக் குடு."

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்து, "முனீஸ்வரி யாரும்மா?" என்கிறார்.